ஸ்பீக்கரை மாற்றுவதா, வேண்டாமா?

எங்கள் பக்கத்தில் 'நல்ல சத்தம்' என்ற பேச்சுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. என் தாத்தா காலத்தில் அது நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டும் தொண்டை. அப்பா காலத்தில் வால்வு சூடேறி, பச்சைக் கண் மின்னி, பிறகு பேசத் தொடங்கும் ரேடியோ. என் இளமையில் வேப்பமரத்து உச்சியில் கட்டிய குழாய். அதற்கப்புறம் இரட்டைப் பெட்டி ஸ்டீரியோ. இன்றைக்கு ஆள் உயர ஸ்பீக்கர் ஜோடி, விலை லட்சங்களில்.

அந்தக் கடைசிப் படியில் ஏறுவதா வேண்டாமா என்பதுதான் மூன்று மாதமாக எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு. என்னிடம் இருக்கும் ஜோடி 1997-ல் வாங்கியது. அதைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்தால், பழசுக்கு 40,000 கழித்து, 3,40,000 ரூபாய் கையிலிருந்து போக வேண்டும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ராஜபாளையத்தில் ஒரு சிறிய நூற்பாலையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் மச்சான், "மாப்ள, வயசான காலத்துல நமக்குன்னு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? வாங்கிப் போடுங்க" என்கிறார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

வாங்குவதற்கு முன், நம் ஊர்க் காதுகள் இதுவரை ஏறிவந்த படிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். எந்தப் படியில் உண்மையாகவே புதிதாக ஏதோ கேட்டது, எந்தப் படியில் பெருமை மட்டும் கூடியது என்று தெரிந்தால் முடிவு எடுப்பது சுலபம் அல்லவா?

மைக் இல்லாத காலம்

நம் பெரியவர்கள் ஒலிபெருக்கி இல்லாமலே பெரிய கூட்டத்தைக் கட்டி ஆண்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக்காரர்கள் விடிய விடியப் பாடினார்கள். தொண்டைதான் மைக். அதனால் உயர்ந்த கட்டையில் பாடியாக வேண்டிய நிலை. நம் பக்கத்து ஊரான செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல் உச்ச ஸ்தாயியில் நின்று விளையாடியது என்று சொல்வார்கள். அந்த உயரம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதில்லை. கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை போய்ச் சேர வேண்டும். அவர் 1933-ல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். மைக் எல்லா மேடைக்கும் வந்து சேர்ந்த காலத்தை அவர் பார்க்கவில்லை.

கோயில் வாத்தியமும் அப்படித்தான். நாகஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்காகவே பிறந்தவை. ஆடிப்பூரத் தேர் நகரும்போது, அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அவை தனித்துக் கேட்கும். அதே கோயிலில் மார்கழியில் நடக்கும் அரையர் சேவை வேறு மாதிரி. கைத்தாளமும் மனிதக் குரலும் மட்டும்தான். கல் மண்டபமே அந்தக் குரலை ஏந்திக் கொடுக்கிறது. 192 அடிக் கோபுரத்தைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு, குரலுக்கு எத்தனை பெரிய மண்டபம் போதும் என்பதும் தெரிந்திருந்தது.

ராஜபாளையத்தின் பெரிய சத்தம் வேறு. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பின்னால் பல ஆலைகள் வந்தன. ஷிப்டு மாறும்போது ஊதும் ஆலைச் சங்குதான் ஊருக்கே கடிகாரம். சங்கு ஊதினால் அடுப்பில் உலை ஏறும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும். சங்கீதத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அந்த ஆலைகளுக்கும் என் ஸ்பீக்கர் கணக்குக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

1925: உண்மையான முதல் படி

ஒலிபெருக்கி என்ற பொருளை ஊர் மத்தியில் வைத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர். 1915-ல் கலிபோர்னியாவில் அவர்கள் செய்த கருவிக்கு 'மேக்னவாக்ஸ்' என்று பெயர். ஆனால் இன்றைக்கு நம் வீட்டு ஸ்பீக்கருக்கு நேரடித் தாத்தா என்றால் அது 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் இருவரும் எழுதி வெளியிட்ட வடிவமைப்புதான். ஒரு காந்தம், அதன் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் ஏறி இறங்கச் சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பு காற்றைத் தள்ளும். 500 ரூபாய் டிரான்சிஸ்டரிலும் இதுதான், கடைக்காரர் எனக்கு எழுதிக் கொடுத்த லட்ச ரூபாய்ச் சாமானிலும் இதுதான்.

அதே 1925-ல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை பாடகர்கள் ஒரு புனலுக்குள் வாயை வைத்துக் கத்திப் பாட, அந்த அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கீறும். கல்கத்தாவில் 1902-ல் கௌஹர் ஜான் பாடிக் கொடுத்ததும் அந்த முறையில்தான். 1925-ல் மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்யும் முறை வந்தது. மெல்லப் பாடினாலும் பதிந்தது. தம்புராவின் ரீங்காரம் தட்டில் ஏறியது. பதிவும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முன்னேறியதால்தான் அந்தப் படி அவ்வளவு பெரிதாக இருந்தது. ஒன்று மட்டும் முன்னேறியிருந்தால் பாதிப் பலன்தான் கிடைத்திருக்கும். இதை மனதில் குறித்துக்கொண்டேன்.

ரேடியோவும் கொழும்பும்

சென்னையில் 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று ஒரு ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். பணமில்லாமல் 1927-ல் அது நின்றுபோய், 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ல், திருச்சி 1939-ல். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி நிலையம் வந்தது 1963-ல்தான்.

அந்தக் காலத்து மர்பியும் புஷ்ஷும் பிலிப்ஸும் வீட்டுக்கு ஒரு மருமகள் வந்த மாதிரி. தலைக்கு ஒரு துணி போர்த்தி, கூடத்தில் தனி ஸ்டாண்டில் வைப்பார்கள். தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். ரேடியோ இல்லாத வீட்டுக்காரர்கள் பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்கப் போவார்கள்.

1952-ல் மத்திய மந்திரியான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து ஒதுக்கினார். உடனே நம் தெற்குச் சீமை முழுவதும் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியது. இலங்கை வானொலியில் மயில்வாகனத்தின் குரல் கேட்காத தெரு உண்டா? 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி பிறந்ததற்குக் கொழும்பு கொடுத்த போட்டியும் ஒரு காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மத்திய அலையில் வரும் ஒலியில் உயர்ந்த சுருதிகள் வெட்டுப்பட்டுத்தான் வரும். சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. அன்றைக்கு ஒரு லட்ச ரூபாய் ஸ்பீக்கரை அந்த ரேடியோவில் பொருத்தியிருந்தாலும் கொழும்பு இதைவிட நன்றாகக் கேட்டிருக்காது. ஆனாலும் அந்தப் பாட்டுகள் நமக்கு எப்படி நெஞ்சில் ஏறின! அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம் பெட்டியில் வந்ததில்லை. எந்த நிலையத்தைத் திருப்பினோம் என்பதில் வந்தது.

வேப்பமரத்துக் குழாய்

டெல்லியில் 1940-ல் தொடங்கிய அஹுஜா கம்பெனியின் ஆம்பிளிபயரும் குழாயும் நம் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கும் சடங்கு வீடுகளுக்கும் எப்படியோ வந்து சேர்ந்தன. மைக் செட்காரர் சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டு வந்து மரத்தில் ஏறும்போதே பாதி விசேஷம் தொடங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் பூக்குழிக்கு வரும் கூட்டத்துக்கு, ஊர் எல்லையிலேயே குழாய்ச் சத்தம் வழி காட்டும். மார்கழி விடியற்காலையில் திருப்பாவை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைக்க, எம்.எல்.வசந்தகுமாரி பாடிய பாசுரங்களைப் பனியில் போர்வைக்குள் படுத்தபடி கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

குழாயில் ஒரு சங்கதி உண்டு. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும், வலந்தலை மட்டும் தட்தட்டென்று கேட்கும். ஆனால் நாகஸ்வரத்துக்குக் குழாய் ஒரு குறையும் வைக்காது. அந்த வாத்தியத்தின் பலமெல்லாம் குழாய் நன்றாகத் தரும் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தபோது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும் ஊர் ஊராகக் குழாயில் கொடிகட்டிப் பறந்ததற்கு, வாசிப்பின் மேன்மையோடு இந்தப் பொருத்தமும் சேர்ந்துகொண்டது. எந்த இசைக்கு எந்த ஸ்பீக்கர் என்ற கேள்விக்கு விலைப்பட்டியலில் பதில் இருக்காது.

குழாயின் கொட்டம் ஓரளவு அடங்கியதற்கும் வரலாறு உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. நல்ல ஸ்பீக்கர் வேண்டுமென்றால் முதலில் வேண்டியது அமைதி என்பதைச் சட்டமே சொன்ன மாதிரி.

பெட்டியும் பானையும்

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அந்த இரண்டு அலையும் சுற்றிவந்து சந்தித்தால், தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்னலையை அடக்கத்தான் பெட்டி. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஒரு சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் மாதிரி வேலை வாங்கினார். பீரோ அளவு பெட்டியில் வந்த அடிச்சத்தம், அலமாரியில் வைக்கும் பெட்டியில் வந்தது. இது இரண்டாவது உண்மையான படி.

நம் ஊர்ப் பையன்கள் இதைப் புத்தகம் படிக்காமலே செய்தார்கள். எண்பதுகளில் கேசட் கடைகளிலும் டீக்கடைகளிலும் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பானைக்குள் பின்னலை அடங்கும், அடிச்சத்தம் எழும். பானைக்கென்று ஒரு சொந்தச் சுருதி உண்டு, கடத்துக்கு இருப்பது போல. அந்தச் சுருதி வரும் இடத்தில் மட்டும் 'கும்' என்று தூக்கிக் கொடுக்கும். எல்லாப் பாட்டிலும் அதே 'கும்'. பெட்டியைக் கணக்குப் போட்டுச் செய்தவருக்கும் கண்திட்டத்தில் செய்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் 'கும்'மில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கை எல்லோருக்கும் கொடுத்தவர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும். 1961-ல் ஆஸ்திரேலியாவில் தீல் எழுதியதை, எழுபதுகளில் ஸ்மால் விரித்து எழுதினார். இந்த ஸ்பீக்கருக்கு இத்தனை லிட்டர் பெட்டி, இந்த அளவு துளை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு ஊகத்துக்கு வேலை குறைந்தது. இது மூன்றாவது படி.

ஸ்டீரியோவும் இதே காலத்தில்தான் நமக்கு வந்தது. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் 1931-லேயே காப்புரிமை கேட்டு எழுதிவிட்டார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958 வாக்கில். தமிழ்ச் சினிமாவில் 1978-ல் இளையராஜாவின் 'பிரியா' ஸ்டீரியோவில் பதிவான தொடக்ககாலப் படங்களில் ஒன்று. வயலின் இந்தப் பக்கம், கிடார் அந்தப் பக்கம் என்று கேட்டபோது வாய் பிளந்து உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது வர வேண்டும், அல்லது சென்னை பர்மா பஜாருக்குப் போக வேண்டும். கல்கத்தாவின் சோனோடைன், பம்பாயின் காஸ்மிக் வைத்திருந்தவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேரும். 1991-க்குப் பிறகு கதவு திறந்தது. சி.டி. 1982-லேயே ஜப்பானில் வந்திருந்தாலும், நம் கைக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

ஆக, மூன்று படிகள். 1925, 1954, எழுபதுகள். அதன் பிறகு நடந்ததெல்லாம் மெருகு. காகிதத்துக்குப் பதில் வேறு நார், காந்தத்துக்கு வேறு உலோகம், கணினியில் அளவெடுப்பு. மெருகு வீண் என்று நான் சொல்லவில்லை. என் 1997 ஜோடி மூன்றாவது படிக்குப் பிறகு பிறந்தது. அதிலிருந்து புதிதுக்குப் போவது படி ஏறுவது ஆகாது, அதே படியில் ஓரமாக நகர்ந்து நிற்பது.

பஞ்சின் வேலை

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வகுப்பறையில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. எதிரொலி அப்படி. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவர் ராத்திரியில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அறையில் வைத்தார். ஒரு ஆர்கன் குழாயை ஊதிவிட்டு, சத்தம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை இல்லாமல் ஐந்தரை வினாடிக்கு மேல் ஓடிய சத்தம், மெத்தைகளை நிரப்பியதும் ஒரு வினாடி சொச்சத்தில் அடங்கியது. அந்தக் கணக்கை வைத்துத்தான் 1900-ல் பாஸ்டனில் பேர்பெற்ற சிம்பொனி ஹாலைக் கட்டினார்கள்.

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். மர உத்தரம், ஓடு, திண்ணை, முற்றம், கொடியில் தொங்கும் வேட்டி சேலை, மூலையில் சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தை. சத்தம் போய் ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம். இன்றைய வீடோ நாலு பக்கமும் சிமெண்டு, தரையில் பளபளக்கும் டைல்ஸ், ஜன்னலில் கண்ணாடி. கை தட்டினால் 'டிங்' என்று பதில் வருகிறது. என் கூடமும் அப்படித்தான். இந்தக் கூடத்தில் எந்த விலை ஸ்பீக்கரை வைத்தாலும் அந்த 'டிங்' விலையில்லாமல் கூடவே வரும்.

பஞ்சு ஊரில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்பட வேண்டுமா? ஆலைக் கழிவுப் பஞ்சை நாலு அங்குல கனத்துக்கு அடைத்து, மேலே காடாத் துணி போர்த்திய சட்டங்கள் நாலு தச்சரிடம் செய்யச் சொன்னேன். பவானி ஜமுக்காளம் ஒன்று, கனமான திரைச்சீலை இரண்டு. ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து மூன்று அடி முன்னால் நகர்த்தி, நானும் இரண்டு பெட்டியும் சமமுக்கோணத்தில் இருக்கும்படி நாற்காலியைப் போட்டேன். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். முதல் நாளே தம்புரா வயலினிலிருந்து பிரிந்து கேட்டது. மூலையில் உட்கார்ந்து உருமிக்கொண்டிருந்த அடிச்சத்தமும் அடங்கியது.

கண்ணை மூடினால்

கடையில் போய்க் கேட்டேன், அற்புதமாக இருந்தது என்று மச்சான் சொல்கிறார். இருந்திருக்கும். 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நாலு ஸ்பீக்கர், கேட்பவர்கள் நாற்பது பேர். முதலில் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் சொல்லி மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு திரையை விலக்கிவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். மதிப்பெண் மாறிவிட்டது. பெரிதாக, அழகாக இருந்தவை உயர்ந்தன, சின்னது இறங்கியது. அத்தனை பேரும் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால் நமக்கு?

இன்னொரு தந்திரமும் உண்டு. இரண்டில் எது ஒரு பொட்டு சத்தம் கூடக் கேட்கிறதோ, அதுவே நல்லதென்று காது முடிவு கட்டிவிடும். கடையில் ஒப்பிட்டுக் கேட்பவர்கள் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள்.

காது

இப்போது ஆலைக்கு வருகிறேன். ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதி இருக்கிறது. நூற்பாலைகளில் அந்த வரம்பை ஒட்டியும் தாண்டியும்தான் சத்தம் ஓடும். அந்தக் காலத்தில் காதுக்கு அடைப்பான் என்ற பேச்சே கிடையாது. நாங்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகினோம். ராஜபாளையத்துக்காரர்கள் உரக்கப் பேசுவார்கள் என்று கேலி செய்பவர்களுக்கு இதுதான் பதில்.

புது ஸ்பீக்கர் விலை கேட்டு வந்த பிறகு மதுரைக்குப் போய்க் காது பரிசோதனை செய்துகொண்டேன். 500, 1000 ஹெர்ட்ஸில் என் காது சரியாகவே இருக்கிறது. 4,000-ல் இழப்பு 50 டெசிபல். 8,000-ல் 60. இருபத்தைந்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பது கணக்கு. சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 4,000 பக்கம் இப்படிப் பள்ளம் விழுவதும், வயதானால் மேல்சுருதிகள் மங்குவதும் உலகம் முழுவதும் உள்ளதுதான் என்று டாக்டர் சொன்னார். ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பேத்தி போனில் பேசினால் குரல் கேட்கிறது, வார்த்தை நழுவுகிறது. காரணம் அதுதான்.

மனிதக் காதுக்கு எட்டும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், அதுவும் இளங்காதுக்கு. நான் விலை கேட்ட புது ஜோடியின் பெருமையே அதன் ட்வீட்டர், அதாவது மேல்சுருதிகளுக்கான சின்ன ஸ்பீக்கர். பெரும்பாலான பெட்டிகளில் 2,000, 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதன் ராஜ்யம். என் காது இறங்கத் தொடங்கும் இடத்தில்தான் அது பேசவே தொடங்குகிறது. விலையில் பெரும்பங்கு எனக்குக் கேட்காத தேசத்துக்கான டிக்கெட்.

இன்னொன்று. இரவில் சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் மிருதங்கம் மெலிந்து போகிறது என்று ஸ்பீக்கரைக் குறை சொல்வோம். சத்தம் குறையும்போது தாழ்ந்த சுரங்கள் காதுக்கு அதிகமாக மங்கும் என்று 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். அதற்காகத்தான் பழைய ஆம்பிளிபயர்களில் 'லவுட்னஸ்' பொத்தான் வைத்தார்கள். என்னுடையதிலும் இருக்கிறது. ராத்திரியில் அதைத் தட்டிவிடுகிறேன்.

டாக்டர் காதுக்கருவி போட்டுப் பார்க்கச் சொன்னார். பத்து நாள் சோதனைக்குக் கொடுத்தார்கள். மொச்சைக்கொட்டை அளவில் மைக், ஆம்பிளிபயர், ஸ்பீக்கர் மூன்றும். ஜென்சன் 1915-ல் கூட்டத்துக்கு நடுவில் வைத்ததை இப்போது ஒரு காதுக்குப் பின்னால் வைக்கிறோம். முதல் இரண்டு நாள் நாகஸ்வரம் கேட்டால் நடுவில் ஏதோ தழுதழுத்தது. கேட்டபோது விளக்கினார்கள். கருவி 'கூ'வென்று கத்தாமல் தடுக்க உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். நீண்டு நிற்கும் சுரத்தையும் அது அந்தக் கத்தல் என்று நினைத்து வெட்டப் பார்க்கும். இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பு வைத்து அதைத் தளர்த்திக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. காதுக்கருவி போடப் போகிறவர்கள் இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

நாலாவது நாள், 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். வயலின் வில் தந்தியைத் தொடும் உரசல் கேட்டது. அதே பழைய ஸ்பீக்கர்தான். அன்று சாயந்தரம் மனைவி அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள், நான் இங்கிருந்தே பதில் சொன்னேன். அவள் கரண்டியோடு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். காது மங்குவதைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான காரணங்களில் ஒன்று என்று 2020-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழுவும் பட்டியலிட்டிருக்கிறது. ஆகவே இது சங்கீதத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

கணக்கு

முடிவு எடுத்துவிட்டேன். ஸ்பீக்கரை மாற்றவில்லை. என் ஜோடியில் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நம் வெக்கையில் உதிரத் தொடங்கியிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சர்களுக்கும் வயதாகிவிட்டது. இரண்டையும் மாற்ற 7,500 ரூபாய். அறைக்கு 12,000. காதுக்கருவி ஜோடி 1,45,000. ஆகமொத்தம் 1,64,500. புது ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய 3,40,000-ல் பாக்கி 1,75,500 பேங்கிலேயே இருக்கும்.

மச்சான் விஷயம் வேறு. அவருக்கும் எழுபதாகிறது. ஆனால் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஆலைச் சத்தம் பட்ட காது இல்லை. பரிசோதனையில் நல்லபடியாகவே வந்திருக்கிறது. அவரிடம் இருப்பதோ எண்பதுகளில் கண்திட்டத்தில் தச்ச பிளைவுட் பெட்டி. பானையின் 'கும்' இன்னும் அதில் இருக்கிறது. அவர் கட்டாயம் மாற்றலாம், அதுவும் லட்சக்கணக்கில் இல்லாமல், மூன்றாவது படிக்குப் பிறகு ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் செய்த ஒரு ஜோடிக்கு. அவருக்கு அது உண்மையான படி. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

என் வயதுக்காரர்கள் யாராவது இதே யோசனையில் இருந்தால், நான் கண்ட வரிசை இதுதான். முதலில் காதைப் பாருங்கள். அடுத்தது எதைக் கேட்கிறோம், என்ன தரத்தில் கேட்கிறோம் என்பது. பிறகு அறை. பிறகு இருப்பதைப் பழுது பார்ப்பது. இத்தனைக்கும் அப்புறம் குறை தெரிந்தால், கையில் பணமும் இருந்தால், ஸ்பீக்கர்.

ஃபோம் வளையத்துக்கு ரிச்சி தெருவில் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் வந்துவிடும். ஆடிப்பூரத்துக்குள் ஒட்டி முடித்துவிடலாம்.